மஞ்சளே இல்லாத காமாலை... கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் நாம் கேட்காமல் விடும் கேள்வி!

2025 செப்டம்பர் 22-ம் தேதி, வெள்ளை மாளிகையில் மைக் முன்னால் நின்ற அமெரிக்க அதிபர் ட்ரம்ப், கர்ப்பிணிகள் 'டைலினால்' மாத்திரை எடுக்க வேண்டாம், முடிந்தவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். டைலினால் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் இல்லை. நம்ம வீட்டு மருந்து டப்பாவில் எப்போதும் ரெண்டு அட்டை கிடக்குமே, அந்த பாராசிட்டமால் தான். அதற்கும் குழந்தைகளின் ஆட்டிசத்துக்கும் அவர் போட்ட முடிச்சு, அடுத்த நாள் விடிவதற்குள் உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் உடனே மறுத்தன. பாராசிட்டமால்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை, கர்ப்பகாலத்தில் காய்ச்சலைக் குறைக்க இருப்பதிலேயே பாதுகாப்பான மருந்து அதுதான் என்பது அவர்களின் பதில். சரி, மாத்திரை போடலாமா, வேண்டாமா என்று உலகமே ஒரு வாரம் பேசித் தீர்த்தது. ஆனா, அந்த மொத்த சண்டையிலும் ஒரு கேள்வி காணாமல் போய்விட்டது. காய்ச்சல் ஏன் வந்தது?

ஏழாம் மாசம், எட்டாம் மாசத்தில் இருக்கும் உங்க அக்காவுக்கு, மனைவிக்கு, அல்லது உங்களுக்கே 102 டிகிரி காய்ச்சல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது சளிக்காய்ச்சலாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கும். உரிய சிகிச்சையில் சரியாகிவிடும். ஆனால் ரொம்ப ரொம்ப அபூர்வமாக, அந்தக் காய்ச்சலுக்குப் பின்னால் ஒரு வைரஸ் கல்லீரலை மணிக்கணக்கில் அழித்துக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகாது. உடம்பில் கொப்புளம்கூட இருக்காது. அதன் பெயரைக் கேட்டால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஹெர்பீஸ்.

'அந்த மாதிரி' நோய் என்று நகராதீர்கள்

ஹெர்பீஸ் என்றதும் இன்ஸ்டா மீம்களில் வரும் பாலியல் நோய் என்றுதானே தோன்றியது? பாதி தான் சரி.

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் ரெண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் வாய்ப்பக்கம் வரும். காய்ச்சல் வந்து போன பிறகு உதட்டோரம் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்து, எரிந்து, பொருக்கு தட்டி உதிருமே... 'உடம்புச் சூடு' என்று பாட்டி சொல்லி முடித்துவிடுவார். பல நேரம் அது இந்த வைரஸ் தான். உலகத்தில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சுமார் 380 கோடிப் பேரின் உடம்பில் இந்த முதல் வகை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்றில் இரண்டு பேருக்கு நெருக்கமாக! பலருக்கும் சின்ன வயதில், யாரோ கொஞ்சி முத்தம் கொடுத்தபோது தொற்றியது. இரண்டாவது வகை, பாலுறவு மூலம் பிறப்புறுப்புப் பகுதியில் வருவது. இப்போது முதல் வகையும் அந்தப் பகுதியில் நிறைய வருகிறது. 2024 டிசம்பரில் அதே நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 84.6 கோடிப் பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், பிறப்புறுப்பு ஹெர்பீஸ் இருக்கிறது. அதில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

ஒரு சின்ன குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'அக்கி' என்பார்கள். மண்பாண்டம் செய்பவர்களிடம் போய்க் காவி குழைத்து 'அக்கி எழுதி'க்கொள்ளும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அந்த அக்கி, சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் வருஷக்கணக்கில் நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி எழுந்து வருவது. ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது தான், ஆனால் நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை. இது அதன் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்துக்கே ஒரு பழக்கம் உண்டு. ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகாது. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ், நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். எதிர்ப்பு சக்தி தளரும்போது எட்டிப்பார்க்கும். பெரும்பாலான மனிதர்களுக்கு அந்த எட்டிப்பார்த்தல் என்பது உதட்டில் நாலு கொப்புளம், அவ்வளவு தான்.

கல்லீரலுக்கு எப்படிப் போகிறது?

கர்ப்பம் என்பது உடம்பு செய்துகொள்ளும் ஒரு விசித்திரமான சமரசம். வயிற்றில் வளரும் குழந்தையில் பாதி அப்பாவின் மரபணு. அம்மாவின் எதிர்ப்பு சக்தி அதை 'அந்நியன்' என்று அடித்து விரட்டக்கூடாது. அதற்காக அது தன் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தில், சில வைரஸ்களை நேருக்கு நேர் சந்திக்கும் பலம் குறைகிறது, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில்.

அந்த நேரம் பார்த்து, அதுவரை இந்த வைரஸையே சந்திக்காத ஒரு பெண்ணுக்கு முதல்முறையாகத் தொற்று ஏற்பட்டால், அரிதாகச் சிலருக்கு அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. ஏற்கெனவே வைரஸ் இருப்பவர்களுக்கும் எப்போதாவது இது நடந்திருக்கிறது. ஆனால் முதல் தொற்று தான் பெரிய ஆபத்து. மருத்துவ இதழ்களில் பதிவான கர்ப்பிணிகளில் பெரும்பாலானோர் கடைசி மூன்று மாதத்தில் இருந்தவர்கள்.

எவ்வளவு அரிது? திடீர் கல்லீரல் செயலிழப்புக்கான எல்லாக் காரணங்களையும் எடுத்துக்கொண்டால், அதில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. ஒரு மகப்பேறு மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். 'அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய கட்டுரை?' என்று ஸ்க்ரோல் செய்யத் தோன்றுகிறதா? இருங்கள். இது அரிது என்பதால் தான் பிரச்னையே.

மஞ்சளைத் தேடும் கண்கள்

நம் ஊரில் கல்லீரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலை. கண் மஞ்சளா, சிறுநீர் மஞ்சளா, நகம் மஞ்சளா... எல்லாவற்றையும் நிறத்தை வைத்தே முடிவு செய்கிறோம். மஞ்சள் இருந்தால் கீழாநெல்லி, மஞ்சள் இல்லையென்றால் கல்லீரலுக்கு ஒன்றும் இல்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நாமோ மஞ்சளைக் காணாவிட்டால் காமாலையே இல்லை என்கிறோம்.

ஹெர்பீஸ் கல்லீரல் அழற்சி இந்தக் கணக்கை உடைக்கிறது. கல்லீரல் செல்கள் உடையும்போது அதிலிருந்து கசியும் நொதிகள், அதாவது லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இருக்குமே அவை, சாதாரணமாக 40-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இந்த நோயில் ஆயிரக்கணக்கில் எகிறும். ஆனால், மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் பிலிரூபின் ஆரம்பத்தில் ஏறுவதே இல்லை, அல்லது கொஞ்சமாக ஏறும். கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும், கண் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

சரி, கொப்புளமாவது காட்டிக்கொடுக்குமா? சுமார் பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது என்ன? காய்ச்சல், உடம்பு வலி, குமட்டல், வலது பக்க விலா எலும்புக்குக் கீழே ஒரு வலி. எட்டு மாசக் கர்ப்பிணி இந்த நான்கையும் சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். 'வாயு தான்மா, ஓமத்தண்ணி குடி.'

2007-ல் வெளியான ஓர் ஆய்வு, அதுவரை பதிவான 137 ஹெர்பீஸ் கல்லீரல் நோயாளிகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. எல்லோரும் கர்ப்பிணிகள் இல்லை. அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் இறந்துபோனார்கள், அல்லது அவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. என்னை உறைய வைத்தது இன்னொரு தகவல். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் என்ன என்பதே பிரேதப் பரிசோதனையில் தான் தெரியவந்தது.

ஒரே மாதிரி முகம், வேறு வேறு வைத்தியம்

டாக்டர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள்? அவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள்.

கடைசி மூன்று மாதத்தில் ஒரு கர்ப்பிணியின் கல்லீரல் நொதி ஏறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன, வயிற்றின் வலது மேல்பக்கம் வலிக்கிறது. எந்த மகப்பேறு மருத்துவருக்கும் முதலில் ஞாபகம் வருவது 'ஹெல்ப்' சிண்ட்ரோம். கர்ப்பகால ரத்தக் கொதிப்பின் மோசமான வடிவம் அது. 1982-ல் லூயிஸ் வைன்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். அடுத்து, கர்ப்பகாலக் கடும் கொழுப்புக் கல்லீரல். இது அரிதானது, ஆனால் ஹெர்பீஸ் அளவுக்கு யாரும் மறந்துபோகும் நோய் இல்லை. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் ஒன்று தான்: குழந்தையை வெளியே எடுப்பது. பிரசவம் ஆனதும் பெரும்பாலும் தாயின் கல்லீரல் தேற ஆரம்பிக்கும்.

ஹெர்பீஸுக்கு அது பொருந்தாது. சிசேரியன் செய்தாலும் வைரஸ் உள்ளேயே தான் இருக்கும். அதற்குத் தேவை வைரஸ் எதிர்ப்பு மருந்து. அதாவது ஒரு நோய்க்குச் சரியான சிகிச்சை, அச்சு அசலாக அதே முகத்தோடு வரும் இன்னொரு நோய்க்குப் போதாத சிகிச்சை. வித்தியாசம் காட்டும் ஒரு முக்கியக் குறிப்பு, காய்ச்சல். ஹெல்ப் சிண்ட்ரோமிலும் கொழுப்புக் கல்லீரலிலும் காய்ச்சல் வழக்கமாக இருக்காது.

இதுவரை சொன்னது வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இருப்பது. நம் ஊருக்கு வந்தால் இன்னொரு சிக்கல். இங்கே காய்ச்சல் என்றால் முதல் சந்தேகம் டெங்கு. டெங்குவிலும் தட்டணு குறையும், வெள்ளை அணு குறையும், கல்லீரல் நொதி ஏறும். மழைக்காலத்தில் வார்டு முழுக்க டெங்கு நோயாளிகள் இருக்கும்போது, ஒரு கர்ப்பிணிக்கு இதே ரிப்போர்ட் வந்தால் யாருக்கு ஹெர்பீஸ் தோன்றும்? எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், மலேரியா, ஹெபடைடிஸ் ஏ, ஈ என்று வரிசை வேறு காத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வர ஒரு நாள், ரெண்டு நாள் என்று போனால், ஹெர்பீஸின் கடிகாரம் அவ்வளவு பொறுமையானது இல்லை.

பாராசிட்டமாலும் இந்தக் கதைக்குள் மறுபடி வருகிறது. நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறினால் டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'எத்தனை பாராசிட்டமால் போட்டீங்க?' அளவுக்கு மீறினால் அதுவும் கல்லீரலை இப்படியே சிதைக்கும். அதனால் எத்தனை மில்லிகிராம் மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை என்று போனில் குறித்து வையுங்கள். அலுப்பான வேலை தான். ஆனால் எமர்ஜென்ஸியில் அந்த நோட் ஒரு முழு சந்தேகத்தையே அடித்துப் போட்டுவிடும்.

மருந்து இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது

இந்த விஷயத்தில் கோபம் வருவது இங்கே தான். இது மருந்தில்லாத நோய் இல்லை. அசைக்ளோவிர் என்ற மருந்து 1980-களின் தொடக்கத்திலிருந்தே சந்தையில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய கெர்ட்ரூட் எலியன், முனைவர் பட்டமே முடிக்காமல் 1988-ல் நோபல் பரிசு வாங்கியவர். (பெண் என்பதாலேயே ஆரம்பத்தில் லேப் வேலை மறுக்கப்பட்டவர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. 1984 முதல் 1999 வரை, இந்த மருந்தை எடுத்துக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கவனித்தார்கள். குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் வழக்கத்தைவிடக் கூடவில்லை.

அந்த 137 பேர் ஆய்வுக்கே திரும்புவோம். அசைக்ளோவிர் கொடுக்கப்படாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நெருக்கமாக இறந்தார்கள் அல்லது மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருந்தார்கள். கொடுக்கப்பட்டவர்களில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாதி என்பதும் பயங்கரமான எண் தான். ஏன் அவ்வளவு? மருந்து தாமதமாகத் தொடங்கப்படுவது அதில் ஒரு பெரிய காரணம்.

அதனால் தான் கல்லீரல் நிபுணர்களின் வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது: கர்ப்பத்தின் பிற்பகுதியில் காரணம் புரியாத கடும் கல்லீரல் அழற்சி, அதோடு காய்ச்சல் என்றால், ரத்தத்தில் ஹெர்பீஸ் பி.சி.ஆர். டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் நரம்பு வழியாக அசைக்ளோவிரைத் தொடங்கு. டெஸ்ட்டில் இல்லை என்று வந்தால் நிறுத்திக்கொள். சும்மா மூன்று நாள் மருந்து கொடுத்ததால் பெரிய நஷ்டமில்லை. கொடுக்காமல் விட்ட மூன்று நாள் திரும்ப வராது.

2018-ல் இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில் சிசேரியன் ஆன இரண்டு இளம் தாய்மார்கள், சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவருக்கும் காரணம் உடல் முழுக்கப் பரவிய முதல் வகை ஹெர்பீஸ். 2021-ல் பி.பி.சி. இதை வெளிக்கொண்டு வந்தது, 2023-ல் மரண விசாரணை நடந்தது. வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதிலேயே செய்திகள் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, இருவருக்கும் ஆரம்பத்தில் பாக்டீரியா தொற்று என்ற கணக்கில் தான் சிகிச்சை போனது என்பது. கோடிகளைக் கொட்டி நடத்தப்படும் ஒரு பணக்கார நாட்டின் பொது மருத்துவ அமைப்பு. அங்கேயே இந்தப் பெயர் சீக்கிரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்போ எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துடலாமா?

நியாயமான கேள்வி, ஆனால் பதில் 'வேண்டாம்.' கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனை செய்ய எந்தப் பெரிய மருத்துவ அமைப்பும் சொல்வதில்லை. மூன்றில் இரண்டு பேருக்கு 'இருக்கு' என்று வரும் ஒரு டெஸ்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேவையில்லாத பயமும், வீட்டில் தேவையில்லாத சந்தேகமும் தான் மிஞ்சும். 'எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி நம் வீடுகளில் யாரை நோக்கிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் நடக்கின்றன. இவை மூன்றும் சரியான தேர்வு, ஏனென்றால் கண்டுபிடித்தால் குழந்தையைக் காப்பாற்ற உடனடியாகச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும், அம்மாவின் வைரஸ் அளவைப் பொறுத்து கர்ப்பகாலத்திலேயே டெனோஃபோவிர் மாத்திரையும் உண்டு. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசம்.

உண்மையில், நம் நாட்டுக் கர்ப்பிணியின் கல்லீரலுக்கு ஹெர்பீஸைவிடப் பல மடங்கு பெரிய எதிரி ஹெபடைடிஸ் ஈ. சாக்கடை கலந்த குடிநீரில் வருவது. மற்றவர்களுக்கு சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும் இந்த நோய், கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் 20 முதல் 25 சதவிகிதம் வரை உயிரைப் பறிக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1955-56-ல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல வருடங்கள் கழித்துத் தான் தெரிந்தது. இதற்குச் சீனா ஒரு தடுப்பூசி தயாரித்து 2011-லேயே அனுமதியும் கொடுத்துவிட்டது. 2022-ல் தெற்கு சூடானின் பென்டியூ முகாமில், நோய்ப் பரவலுக்கு நடுவே, கர்ப்பிணிகள் உட்பட அங்கிருந்தவர்களுக்கு அது போடப்பட்டது. இங்கே நாம் இன்னும் 'தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க' என்பதிலேயே நிற்கிறோம்.

ஹெர்பீஸுக்குத் தேவை எல்லோருக்கும் டெஸ்ட் இல்லை. சந்தேகம் வரும் நேரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவிலாவது சீக்கிரம் பி.சி.ஆர். ரிசல்ட் கிடைக்க வேண்டும், அசைக்ளோவிர் ஊசி கைவசம் இருக்க வேண்டும். கோவிட் காலத்தில் மாவட்டந்தோறும் வாங்கிக் குவித்த பி.சி.ஆர். மெஷின்கள் ஞாபகம் இருக்கிறதா? அவற்றுக்கு இதுவும் ஒரு வேலை.

தமிழ்நாட்டுக்கு இதில் அக்கறை வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ரத்தப்போக்கு, ரத்தக் கொதிப்பு போன்ற பெரிய காரணங்களை ஓரளவு விரட்டிப் பிடித்ததால் வந்த எண் இது. ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்யும் பழக்கம் 1990-களிலிருந்தே இங்கே இருக்கிறது. அந்த 54 இன்னும் இறங்க வேண்டுமானால், இனி துரத்த வேண்டியவற்றில் இப்படிப்பட்ட, பெயரே ஞாபகம் வராத காரணங்களும் சேரும். 'காரணம் தெரியாத கல்லீரல் செயலிழப்பு' என்று ஒரு தணிக்கைத் தாள் முடிந்தால், ஹெர்பீஸ் டெஸ்ட் எடுத்தார்களா என்று அங்கே யாராவது கேட்க வேண்டும்.

உங்க வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால்

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுக்கலாம், டாக்டர் சொன்ன அளவில். ஆனால், ஆறாம் மாதத்துக்கு மேல் காய்ச்சலோடு வலது பக்க மேல்வயிற்று வலி, நிற்காத வாந்தி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், எங்கிருந்தாவது ரத்தக்கசிவு, இதில் ஒன்று சேர்ந்தாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டாம். இரவு 2 மணியாக இருந்தாலும் பரவாயில்லை, 108-ஐ அழையுங்கள். கையில் தாய் சேய் நல அட்டையும் இதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகளும் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 'எல்.எஃப்.டி. பார்த்தாச்சா சார்? நொதி எவ்வளவு இருக்கு?' என்று கேட்பதில் தப்பில்லை. நொதி ஆயிரத்தைத் தாண்டியிருந்து காரணமும் புரியவில்லை என்றால், 'ஹெர்பீஸா இருக்க வாய்ப்பு இருக்கா மேடம்?' என்றும் கேட்கலாம். சமீபத்தில் வாயிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம், புண் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று கூச்சமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு உதட்டில் கொப்புளம் அடிக்கடி வருமா? பிறப்புறுப்பில் எப்போதாவது புண் வந்திருக்கிறதா? மனைவிக்கு அப்படி வந்ததே இல்லை என்றால், கடைசி மூன்று மாதத்தில் நெருக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. வாய்வழி உறவும் அதில் அடங்கும். உதட்டில் கொப்புளம் இருக்கும் நாளில் முத்தமும் வேண்டாம். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது, அவருடையது இல்லை.

ஏற்கெனவே பிறப்புறுப்பு ஹெர்பீஸ் இருக்கும் பெண்கள் பயப்படத் தேவையில்லை. பழைய தொற்று இருப்பவர்களின் குழந்தைக்கு பிரசவத்தில் தொற்றும் வாய்ப்பு ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் புதிதாகத் தொற்றினால் தான் அது 30 முதல் 50 சதவிகிதம் வரை போகிறது. முன்கூட்டியே சொன்னால் 36-வது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். பிரசவ வலி வரும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

காய்ச்சலே இல்லாமல், ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தூங்கவிடாமல் அரித்தால் அது வேறு கதை. 'வயிறு விரியுது, அதான் அரிக்குது' என்று விட்டுவிடாதீர்கள். பித்தநீர் தேங்கும் கர்ப்பகாலக் கல்லீரல் பிரச்னையாக இருக்கலாம். அம்மாவுக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் ரத்தத்தில் பித்த அமிலம் 100-ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அப்புறம், குழந்தை பிறந்ததும் பார்க்க வரும் கூட்டம். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆச்சி, எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் பிறந்த சில வாரங்களில் இந்த வைரஸ் தொற்றினால், பெரியவர்களின் உதட்டில் நாலு கொப்புளமாக முடியும் அதே வைரஸ், பச்சைக் குழந்தையின் மூளைக்கும் கல்லீரலுக்கும் போகும். உதட்டில் புண்ணோடு வருபவரிடம், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், 'கால்ல கொஞ்சுங்க அத்தை, முகத்துல வேண்டாம்' என்றுகூடச் சொல்லாதீர்கள். குழந்தையைக் கையில் கொடுக்காதீர்கள். புண் ஆறியதும் வரச் சொல்லுங்கள். ரெண்டு நாள் கோபப்படுவார்கள், படட்டும்.